ஓட்டை மேஜைக்கு ஒரு பிடி

மரப்பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் ஒருவர் போன வாரம் என்னிடம் நான்கு படங்களைக் காட்டினார். நான்கும் மேஜை மேல் மரத்தை அமுக்கிப் பிடிக்கிற கிளாம்புகள். "சார், மேஜையில வரிசையா ஓட்டை போட்டாச்சு. இதுல எதை வாங்கலாம்னு சொல்லுங்க" என்றார். அந்த மேஜையில் நின்று வேலை செய்யப்போவது யார் என்று கேட்டேன். "யாரா இருந்தா என்ன சார், கிளாம்ப் கிளாம்ப்தானே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பாவம், அவர் என்ன செய்வார். அதே வார்த்தையை அதே தோரணையில் நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். அதனால் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஓட்டையின் அளவு, பலகையின் கனம் எல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. என்னைவிட நீங்கள் நன்றாகவே படிப்பீர்கள். நான் சொல்ல வருவது நான் செய்த தப்புகளை. படித்துவிட்டுச் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை.

எண்பதுகளின் கடைசி. குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பேட்டன் பட்டறையில் சூப்பர்வைசராக இருந்தேன். இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன்னால் மணலில் அச்சுப் பதிக்க மரத்தில் ஒரு மாதிரி செய்வார்களே, அதற்குத்தான் பேட்டன் என்று பெயர். மோட்டார் பம்பின் வயிறு, வால்வின் கழுத்து, எல்லாம் முதலில் எங்களிடம் தேக்கில்தான் பிறக்கும். வீடு தாம்பரத்தில். மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன். உட்கார இடம் தேடுவதற்குள் இறங்க வேண்டும்.

எட்டுப் பேர் வேலை செய்தார்கள். எட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார்கள். முன்னால் ஒரு கட்டை, அதன் மேல் மரம், மரத்தின் மேல் இடது கால். குதிகாலை ஊன்றிக்கொண்டு பெருவிரலாலும் பாதத்தின் முன்பகுதியாலும் மரத்தை அமுக்கிப் பிடிப்பார்கள். இரண்டு கையும் உளிக்கு. மரத்தைத் திருப்ப வேண்டுமா, கால் ஒரு நொடி எழும், திரும்பிய மரத்தின் மேல் மறுபடி விழும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அவர்களில் ஏழுமலை என்று ஒருவர். நாற்பது வயது இருக்கும். உள்வளைவு குடைவதில் அவருக்கு ஈடு அந்த வட்டாரத்தில் கிடையாது. அவர் குடைந்த வளைவில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று தெரியாது. கொஞ்சம் வாய் நீளம். கைக்காக நாங்கள் வாயைப் பொறுத்துக்கொண்டோம்.

ஒரு சித்திரை மாதம், ஊருக்குப் போகிற கூட்டம் முண்டியடித்த நாளில், பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸின் பின்சக்கரம் அவருடைய இடது பாதத்தில் ஏறிவிட்டது. பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். ஆடி மாதம் ஷூவுக்குள் துணியை அடைத்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்து நின்றார். "கை ரெண்டும் நல்லாத்தான் கீது சார். வேலை குடுங்க" என்றார்.

கை நன்றாகத்தான் இருந்தது. மரத்தைப் பிடிக்கத்தான் கால் இல்லை. வலது காலால் பிடித்துப் பார்த்தார். உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பியது, இருபது வருடம் பழகிய கை திண்டாடியது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டார். அவரவர் வேலையை விட்டுவிட்டு யார் எத்தனை நாள் பிடிப்பார்கள்?

முதலாளி கெட்டவர் இல்லை. பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்த்த குடும்பம். வயல்கள் மனைகளாக மாறிய பிறகு இந்தப் பட்டறையை ஆரம்பித்தவர். என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆயுத பூஜை வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பழையபடி வேலை வந்துட்டா சரி. வரலேன்னா வாட்ச்மேனா போட்டுடலாம். சம்பளம் குறைக்க மாட்டேன்."

இதை ஏழுமலையிடம் நான் சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "கேட்டாண்ட குந்திகினு லாரி நம்பர் எழுதணுமா சார் நானு?" அவ்வளவுதான் கேட்டார். அந்த வாட்ச்மேன் நாற்காலியில் இவரை உட்கார விடுவதில்லை என்று அப்போதே மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

பட்டறையின் பின்பக்கம் ஒரு பழைய மேஜை கிடந்தது. ஏதோ ஏலத்தில் ஒரு லோடு மரத்தோடு சேர்ந்து வந்தது. நல்ல கனமான பலகை, அதில் வரிசையாக வட்ட ஓட்டைகள். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. "இன்னா சார், மேஜ பூரா ஓட்டையா கீது, எலி பூந்துச்சா?" என்று கிண்டல் பண்ணிவிட்டு அதன் மேல் டீ கிளாஸ்களை வைத்துக்கொண்டிருந்தார்கள். மரத்தை மேலிருந்து பிடித்து நிறுத்துவதற்கான ஓட்டைகள் அவை என்று நான் எங்கோ படித்திருந்தேன். காலால் பிடிக்க முடியாதவருக்கு மேஜை பிடிக்கட்டும். நான்கு பேராக இழுத்து ஜன்னல் ஓரம் போட்டோம்.

இப்போது பிடி வேண்டும். இங்கேதான் என் முதல் தப்பு.

ஸ்டோரில் துளையிடும் மெஷினுக்கான இரும்புக் கிளாம்புகள் இருந்தன. தட்டையான பட்டை, நீளமான போல்ட்டு, நட்டு. இரும்பையே அசையாமல் பிடிக்கிறது, மரம் எம்மாத்திரம் என்று நினைத்தேன். எடுத்து மாட்டி, ஸ்பேனரால் இறுக்கி, "பிடிச்சு இழுத்துப் பாருங்க ஏழுமலை, யானை வந்தாலும் அசையாது" என்றேன். அவர் இழுத்தார். அசையவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பத்து நாள் ஆயிற்று. வேலை பாதிகூட வரவில்லை. மனம் விட்டுப்போய்விட்டதோ, சோம்பல் வந்துவிட்டதோ என்றுகூட நான் நினைத்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன், நினைத்தேன். ஒருநாள் காலையில் வேறு வேலையாக ஜன்னல் ஓரம் ஒரு மணி நேரம் நிற்க நேர்ந்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது. உள்வளைவு குடைகிறவர் மரத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பியாக வேண்டும். திருப்புகிற ஒவ்வொரு தடவையும் ஏழுமலை மேஜைக்கு அடியில் குனிந்து, ஒரு கையால் போல்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் நட்டைத் தளர்த்தி, மறுபடி முறுக்கினார். பாதிப் பாதத்தில் குனிந்து எழுவது என்றால் என்ன என்று நான் யோசித்ததே இல்லை. எழும்போதெல்லாம் மேஜையைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தார்.

"ஏன்யா சொல்லல?" என்று கத்தினேன்.

"நீங்கதான் யானைக்கே அசையாதுன்னு சந்தோசமா குடுத்தீங்க. யானை வரங்காட்டியும் புடிச்சிகினு இருப்போம்னு வுட்டுட்டேன்" என்றார்.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு நாளில் எத்தனை தடவை அதை அவிழ்க்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவில்லை. இதை நீங்கள் மறக்காதீர்கள். கடையில் கிளாம்பை இறுக்கித்தான் காட்டுவார்கள். அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

அன்று சாயங்காலம் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க கால் எப்படிப் பிடிக்கும், காட்டுங்க" என்றேன். ஏழுமலை தரையில் உட்கார்ந்து நல்ல காலை ஒரு கட்டை மேல் வைத்துக் காட்டினார். "குதிகா இங்க ஊணும் சார். அது நவுரக் கூடாது. வெரலு மேல்லேர்ந்து அமுக்கும். ஊணுறது ஒரு எடம், அமுக்கறது ஒரு எடம். குதிகா ஸ்ட்ராங்கா இருந்தா வெரலு தானா அமுக்கும்."

அதை அப்படியே வரைந்தேன். கீழே ஓட்டைக்குள் இறங்குகிற தடித்த கம்பி, அது குதிகால். மேலே வளைந்து முன்னால் நீண்டு, நுனியில் தட்டையாக மரத்தின் மேல் உட்காருகிற பகுதி, அது விரல். நட்டு இல்லை, போல்ட்டு இல்லை, குனிய வேண்டியதில்லை.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. கணவன் கம்பியைப் பிடிப்பார், மனைவி சம்மட்டி போடுவார். படத்தை நீட்டினேன். அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "இது யாருக்கு சார்?" என்றார். சொன்னேன். "அப்ப அவரை இல்ல இட்டுகினு வரணும்? நீ எதுக்கு வந்த?" என்றார். என் மேற்பார்வைப் பெருமை அங்கேயே அடுப்பில் போயிற்று.

மறுநாள் ஏழுமலையோடு போனேன். எவ்வளவு நீளம் வளைய வேண்டும் என்று அவர் தன் கையை விரித்துச் சாண் போட்டுக் காட்டினார். ஓட்டையை விடக் கம்பி அரை நூல், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், மெலிதாக இருந்தால் போதும் என்று கொல்லர் சொன்னார். அடுப்பிலிருந்து வந்தது கறுப்பாக, சொரசொரவென்று, பார்க்கச் சகிக்காத ஒரு இரும்பு. பட்டறைக்குக் கொண்டுவந்து ஓட்டையில் இறக்கி, தலையில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. கம்பி ஓட்டைக்குள் லேசாகச் சாய்ந்து இறுகிக்கொண்டது. விரல் மரத்தை அமுக்கியது. பின்கழுத்தில் ஒரு தட்டு. விட்டுவிட்டது. ஏழுமலை தட்டினார், எடுத்தார், தட்டினார், எடுத்தார். விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி ஒரு இருபது தடவை செய்திருப்பார். மரத்தில் தழும்பு விழாமல் இருக்க விரலுக்கு அடியில் ஒரு தோல் துண்டை ஒட்டினார். தோல் பதனிடும் ஊரான குரோம்பேட்டையில் தோல் துண்டுக்கா பஞ்சம்.

புரட்டாசி பாதியில் பழைய வேகம் வந்துவிட்டது. பட்டறையில் அந்த இரும்புக்கு 'ஏழுமலை காலு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். முதலாளியும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். "பூஜை முடியட்டும். திருமுடிவாக்கத்துலேர்ந்து ஃபவுண்டரி இன்ஜினீயர் வர்றார், புது பம்ப் ஆர்டர். விஜயதசமி அன்னிக்கு அவர் முன்னால ஏழுமலையே முதல் வெட்டு போடட்டும். அதைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

இப்போது இரண்டாவது தப்பு. இதைச் செய்ய நம்மூர்ப் பட்டறைக்காரனால் மட்டும்தான் முடியும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் என்ன செய்வோம் என்று உங்களுக்குத் தெரியும். ஒட்டடை அடித்து, தரையைக் கழுவி, ஒவ்வொரு கருவியையும் தேய்த்துத் துடைத்து எண்ணெய் போட்டு, வாழையிலை மேல் வரிசையாக வைத்து, சந்தனம், குங்குமம். "ஒரு சாமான்கூட துருவோட சாமி முன்னால போகக்கூடாது. எல்லாம் பளபளன்னு இருக்கணும்" என்று உத்தரவு போட்டது நான். ஏழுமலை காலுக்குத் தனி மரியாதை. மற்ற ஏழு பேரும் மாற்றி மாற்றி உப்புத்தாள் போட்டார்கள். அந்தக் கறுப்பு இரும்பு வெள்ளிக் குத்துவிளக்கு போல ஆகிவிட்டது. கடைசியில் பஞ்சில் எண்ணெயைத் தொட்டு அதன் மேல் பூசியது யார் என்று நினைக்கிறீர்கள்? நானே. சும்மா விடவில்லை, மேஜை ஓட்டைகளுக்குள்ளும் விரலை விட்டு எண்ணெய் தடவினேன், மரம் காய்ந்து வெடிக்கக் கூடாதாம்.

விஜயதசமி காலை. ஊதுவத்தி, பொரிகடலை, புதுச் சட்டைகள். முதலாளியும் ஃபவுண்டரி இன்ஜினீயரும் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். ஏழுமலை சாமி கும்பிட்டுவிட்டுத் தேக்குக் கட்டையை வைத்தார், இரும்பை இறக்கினார், தலையில் தட்டினார், குடைவு உளியை வைத்துத் தள்ளினார்.

பிடி கழன்றது. கட்டை அப்படியே சுழன்று மேஜையிலிருந்து விழுந்தது. உளி வழுக்கிப் பலகையில் ஆழமாகக் குத்தி நின்றது. ஏழுமலை தடுமாறி இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்ஜினீயர் கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல நாளில் முதல் வெட்டே இப்படி ஆனதில் முதலாளியின் முகம் கறுத்துவிட்டது. "போதும் ஏழுமலை. உட்காரு. உன்னைக் கஷ்டப்படுத்தினது என் தப்பு" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

"என் காலுதான் தாங்கல சார்" என்றார் ஏழுமலை, என்னைப் பார்த்து. அவரே அதை நம்பினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குனிந்து உளிகளை ஒவ்வொன்றாகச் சாக்கில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். எட்டு உளி. நான்காவது உளி வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் என்று உண்மையைச் சொல்கிறேன். தரையில் கிடந்த இரும்பை எடுத்த உடனேயே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. கையில் நிற்காமல் மீனாக வழுக்கியது. கம்பியும் ஓட்டையும் ஒன்றையொன்று கவ்வினால்தான் அது பிடி. கவ்வுவதற்கு இருந்த சொரசொரப்பை எல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு மேலே எண்ணெயும் பூசிவிட்டிருந்தேன். ஆனால் மேஜையைக் கொண்டுவந்தது நான், கிளாம்பில் ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவன் நான். இன்ஜினீயர் போன பிறகு முதலாளியிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாமே என்று மனம் சொன்னது. தனியாகச் சொன்னால் என் மானம் போகாது. ஆனால் அதற்குள் ஏழுமலை வாட்ச்மேன் நாற்காலிக்குப் போயிருப்பார். போனவரைத் திரும்ப அழைத்துவர யாருக்கு மனசு வரும்?

"சார், அவர் கால் இல்ல. என் எண்ணெய்" என்றேன்.

முதலாளிக்குப் புரியவில்லை. "எல்லா உளிக்கும்தான் எண்ணெய் போட்டோம். அதெல்லாம் வெட்டாதா?"

"உளி வழுக்கிக்கிட்டுப் போனாத்தான் சார் வேலை. இது வழுக்கினா வேலையே இல்ல. பத்து நிமிஷம் கொடுங்க."

"இன்னிக்கு வேணாம்ப்பா. இன்னொரு நாள் பார்ப்போம்."

"இன்னிக்குத்தான் சார் பார்க்கணும்" என்றேன். முதலாளியிடம் அப்படி நான் அதற்கு முன் பேசியதில்லை.

முரட்டு அரத்தை எடுத்துக் கம்பியின் குறுக்கே பூரா ராவினேன். மினுக்கெல்லாம் போய்க் கீறல் விழுந்தது. தின்னரில் நனைத்த துணியால் ஓட்டையைத் துடைத்து, மரத்தூளைப் போட்டுத் தேய்த்து, மறுபடி துடைத்தேன். புதுச் சட்டை பாழாயிற்று. இரண்டாவது தடவையும் கழன்றால் ஏழுமலையோடு சேர்ந்து என் பேச்சும் அந்தப் பட்டறையில் செல்லாது. இருந்தாலும் நான் தட்டிப் பார்க்கவில்லை. மரச்சுத்தியை ஏழுமலையிடம் நீட்டினேன்.

"வேணாம் சார். நல்ல நாளும் அதுவுமா பேஜார் பண்ணாத" என்றார்.

"அடிய்யா!" என்றேன்.

அடித்தார். முதல் தடவை கணீரென்று கேட்ட சத்தம் இப்போது தொப்பென்று அடங்கிக் கேட்டது. எங்கள் இருவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். ஏழுமலையின் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"சார், நீங்களே இழுத்துப் பாருங்க" என்று முதலாளியிடம் சொன்னேன். முதலாளி நல்ல ஆகிருதி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு இழுத்தார். கிரீச்சென்று மேஜைதான் ஒரு சாண் நகர்ந்து வந்தது. கட்டை வைத்த இடத்தில் இருந்தது. இன்ஜினீயர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

ஏழுமலை சாக்கைப் பிரித்து உளியை எடுத்தார். முதல் சீவல் நீளமாகச் சுருண்டு வந்தது. இரண்டாவது, மூன்றாவது. பின்கழுத்தில் ஒரு தட்டு, கட்டையைத் திருப்பி, தலையில் ஒரு தட்டு, மறுபடி உளி. ஒரு தடவைகூட அவர் குனியவில்லை. கால் மணி நேரம் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, இருக்கட்டும்" என்றார்.

ஏழுமலை உளியை நிறுத்தினார். "எது மொதலாளி? மேஜையா, நானா?"

"ரெண்டும்தான்யா."

"அப்ப கொஞ்சம் நவுருங்க. வெளிச்சம் மறைக்குது" என்றார் ஏழுமலை.

முதலாளி நகர்ந்து நின்றார்.